வெந்நீர் ஊற்று இந்தா, இங்கதான்

வெளியூரிலிருந்து வருகிறவருக்குச் சரியான தகவல் தரவேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. பொலிவியா நாட்டு அரசுக்கும் அந்த ஆண்டு ஒரே கருத்துதான் இருந்தது. அந்த ஒரு கருத்தை நடைமுறைப்படுத்துவதற்காக லா பாஸ் நகரில் ‘பயணியர் நடைமுறைத் தகவல் இயக்ககம்’ என்று ஓர் அலுவலகத்தைத் திறந்தார்கள். இயக்ககம் திறந்த கையோடு ஒரு கையேடு போட்டது.

கையேட்டைக் குறை சொல்ல வழியில்லை. மலைமேல் ஊர்களுக்கு வந்த முதல் நாள் ஓடக் கூடாது என்றிருந்தது. குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றிருந்தது. பெரிய நோட்டுக்கு எங்கும் சில்லறை கிடைக்காது, ஆகையால் முன்கூட்டியே சில்லறை மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கும் சில்லறை கிடைக்காது என்று ஒளிவு மறைவில்லாமல் அச்சிட்டிருந்தது. முதல் பக்கத்தில் இயக்குநரின் படம். அவர் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காக ஒவ்வோர் ஊருக்கும் ஆள் அனுப்பித் தகவல் திரட்டியிருந்தார்கள். கில்யாபாத்தா என்கிற மலையூருக்கும் ஓர் ஆள் வந்தார். பேருந்தை விட்டு இறங்கியதும் எதிரே நிக்கோலாசா யுக்ராவின் சூப்புக் கடை. பெரிய மண்சட்டியில் நிலக்கடலைச் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். இங்கே ஏதோ வெந்நீர் ஊற்று இருக்கிறதாமே, எங்கே என்று கேட்டார்.

“இந்தா, இங்கதான்” என்றாள் நிக்கோலாசா.

அவர் எழுதிக்கொண்டார். பேருந்து திரும்புகிற நேரம். அதிலேயே ஏறிப் போய்விட்டார்.

அந்த ஊரில் இரண்டு பேச்சு உண்டு. எது எங்கே என்று கேட்டால் ‘இந்தா, இங்கதான்’. எது எப்போது என்று கேட்டால் ‘இந்தா, இப்பதான்’. இதில் பொய் ஒன்றுமில்லை. ஊர்க்காரர்களுக்குள் தூரம் சொல்லிக்கொள்ள வேறு அளவு இருக்கிறது. கொக்கா இலையை ஒரு வாய் போட்டு அடக்கிக்கொண்டு நடந்தால், சாறு தீர்கிறவரை நடந்த தூரம் ஒரு வாய். ஊற்று மலைக்கு அந்தப் பக்கம் மூன்று வாய்த் தூரத்தில் இருந்தது. ஆனால் மூட்டையும் முடிச்சுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஒருவரின் முகத்துக்கு நேரே தூரம் என்று சொல்வது கில்யாபாத்தாவில் மரியாதை இல்லை.

மரியாதையால் நிக்கோலாசாவுக்கு நஷ்டமும் இல்லை. இங்கேதானே என்று காலையில் ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத் துண்டோடு கிளம்புகிறவர்கள், பொழுது சாய்கிற நேரத்தில் ஆளே மாறிப்போய்த் திரும்பி வந்து இரண்டு கிண்ணம் குடிப்பார்கள். புருஷன் போனபிறகு அந்தச் சட்டிதான் அவளுக்குச் சோறு போட்டது.

கையேடு வெளிவந்தது. ‘கில்யாபாத்தா வெந்நீர் ஊற்று: இந்தா, இங்கதான். தகவல்: திருமதி நிக்கோலாசா யுக்ரா’ என்று அதில் இருந்தது. பேருந்து ஓட்டுகிற காஸ்தோ அதைக் கொண்டுவந்து காட்டினான். அவள் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவனுக்கு அன்றைக்கு உருளைக்கிழங்கு ஒன்று அதிகம் போட்டாள்.

அதே கையேட்டோடு பெல்ஜியத்திலிருந்து ஒருவர் வந்தார். மார்டென் என்று பெயர். அவருடைய ஊரில் நிலம் அளக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் நீலத் துண்டு. காலையில் போனவர் இருட்டுகிற நேரத்தில் வந்தார். கிண்ணத்தைக் கையில் வாங்கவில்லை. புகார் புத்தகம் எங்கே என்று கேட்டார்.

ஊற்றைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. ஊற்று நன்றாகவே இருந்ததாம். கையேட்டில் இருக்கிற ‘இங்கே’ என்ற சொல்லுக்கும் ஊற்றுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது, அதைக் கையேட்டில் காணோம் என்பதுதான் அவர் புகார். புகார் புத்தகம் லா பாஸில், இயக்ககத்தில் இருக்கும் என்று நிக்கோலாசா சொன்னாள். இயக்ககம் லா பாஸில் எங்கே என்று அவர் காஸ்தோவைக் கேட்டார்.

“இறங்கினதும் இந்தா, இங்கதான் சார்” என்றான் காஸ்தோ. அவரை ஏற்றிக்கொண்டு போனான்.

புகார் வந்தால் விசாரணை வரவேண்டும். விசாரணை டாக்டர் அர்தாயா உருவத்தில் வந்தது. அவர் யாருக்கும் ஊசி போட்டதில்லை. அந்த நாட்டில் கோட்டு போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் டாக்டர்தான். கூட ஓர் இன்ஜினியர். மேசை இல்லாததால் டாக்டர் நிக்கோலாசாவின் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து முத்திரைக் கட்டையை எடுத்து உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஊத்து எங்கன்னு கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

“இந்தா, இங்கதான்னு சொன்னேன் டாக்டர்.”

“சொல்லும்போது எங்க நின்னீங்க?”

“இந்தச் சட்டிக்குப் பின்னாலதான். வேற எங்க நிப்பேன்?”

டாக்டர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

“ஆனா ஊத்து மலைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு டாக்டர்” என்றாள் நிக்கோலாசா.

“அதை அப்பவே சொல்லியிருக்கணும்.”

“எப்படிச் சொல்றது? தூரம்னு சொன்னா மனுசன் இங்கயே உக்காந்துருவான். இங்கதான்னு சொன்னா எப்படியும் போய்ச் சேந்துருவான்.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அவர் அநியாயக்காரர் அல்ல. பயணியின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். கையேட்டுக்கும் ஊற்றுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது உண்மை. ஆனால் கையேடு மூன்று மொழிகளில், இயக்குநர் படத்தோடு அச்சாகிவிட்டது. ஊற்றோ இன்னும் எந்த மொழியிலும் அச்சாகவில்லை. இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் எதைத் திருத்துவது முறை என்று அவர் நிக்கோலாசாவையே கேட்டார். அவள் சட்டியைத் துழாவினாள். அவள் ஒப்புக்கொண்டதாக இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. ‘இங்கே’ என்னும் சொல், அதைச் சொல்பவர் நிற்கும் இடத்தைக் குறிக்கும். மேற்படி திருமதி நின்றது சட்டிக்குப் பின்னால். ஆகவே கில்யாபாத்தா வெந்நீர் ஊற்று மேற்படி இடத்தில் இருப்பதாக இதன் மூலம் உறுதி செய்யப்படுகிறது.

போர்டு வந்து நட்டார்கள். கடைக்கு முன்னால் ‘வெந்நீர் ஊற்று’ என்று பச்சை எழுத்தில் ஒன்று. மலைக்கு அந்தப் பக்கம் ஆவி பறந்துகொண்டிருந்த குட்டைக்கு ‘அங்கீகரிக்கப்படாத வெந்நீர்’ என்று சிவப்பில் ஒன்று. அதில் மூட்டை சுமக்கிற மலை விலங்குகளான யாமாக்கள் இறங்கி நின்றன. அவற்றுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நடவடிக்கை எடுக்கவில்லை.

நிக்கோலாசாவுக்கு இதில் சிரிப்புதான் வந்தது. போர்டு நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், கூட்டம் வரும் என்று நினைத்தாள். அடுத்த வாரம் டாக்டர் மறுபடி வந்து, ஊற்று இயற்கை மரபிடம் என்றும், மரபிடத்தில் அடுப்பு எரிப்பதும் வியாபாரம் செய்வதும் தடை என்றும், கடையை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்றும் சொன்னார். அப்போதுதான் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அடுப்பை அணைச்சா ஊத்துல வெந்நீர் எங்கருந்து வரும் டாக்டர்? கையேட்டுல வெந்நீர்னுதானே போட்டிருக்கீங்க” என்றாள். வேறு எதுவும் தோன்றாமல் சொன்னதுதான்.

டாக்டர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு இன்ஜினியரைக் கூப்பிட்டார். இன்ஜினியர் வெப்பமானியைச் சட்டிக்குள் விட்டுப் பார்த்தார். கொதிநிலை. ஒரு கரண்டி எடுத்துச் சீசாவில் அடைத்துக்கொண்டார். ஒரு கரண்டி எடுத்துக் குடித்தும் பார்த்தார். ஆய்வறிக்கை வந்தது. ஊற்று நீர் வெண்மை கலந்த பழுப்பு நிறம். உப்பு, மாவு, கொழுப்பு ஆகிய தாதுக்கள் மிகுதி. சளிக்கும் முந்திய நாள் குடித்த தலைவலிக்கும் ஏற்றது. அடியில் இயற்கை வெப்பம் உண்டு. வெப்பத்தின் தன்மை: விறகு.

ஆக, கடை இருக்கலாம். ஆனால் கடையாக இருக்கக் கூடாது. ஊற்று தன்னைத் தானே விற்றுக்கொள்ள முடியாது என்பதால் அவள் யாரிடமும் காசு வாங்கக் கூடாது. நுழைவுச் சீட்டு லா பாஸில் கொடுக்கப்படும். சீட்டோடு வருகிறவருக்கு ஊற்று மறுக்கப்படக் கூடாது. ஊற்று விடுமுறை எடுக்கக் கூடாது. கடலைக்கும் விறகுக்கும் யார் பொறுப்பு என்று அவள் கேட்டதற்கு, இயற்கை எப்போதும் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது என்றார் டாக்டர். எதற்கும் பராமரிப்புப் படி ஒன்று கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார்.

“அது எப்ப வரும் டாக்டர்?”

“இந்தா, இப்பதான்” என்றார் அவர். அவரும் அந்த நாட்டுக்காரர்தானே.

முதலில் வந்த பயணிகள் துண்டோடு வந்து சட்டியைப் பார்த்துத் திகைத்தார்கள். போர்டைப் பார்த்தார்கள். கையேட்டைப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனதால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே இறங்க முடியாது என்று தெரிந்ததும் கிண்ணத்தில் வாங்கிக் கால்விரலை மட்டும் நனைத்தார்கள். இதுதான் மலைவாசிகளின் பழங்கால முறை என்று ஒருவர் ஊருக்குப் போய் எழுதிவிட்டார். அதற்குப்பின் கூட்டம் தாங்கவில்லை. லா பாஸின் தெற்குப் பக்கத்துப் பணக்கார வீட்டுப் பெண்கள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார்கள். கடலைச் சூப்பை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் வரிசையாகச் சாய்ந்து கிடந்தார்கள். ஈ மொய்த்தது. ஈ மொய்ப்பது தோல் திறந்துகொள்வதற்கு அடையாளம் என்று அவர்களில் ஒருத்தி விளக்கினாள். சட்டியில் மிதக்கிற உருளைக்கிழங்கு இயற்கையா செயற்கையா என்று ஒரு தம்பதி சண்டை போட்டுக்கொண்டு தனித்தனிப் பேருந்தில் திரும்பினார்கள்.

இதையெல்லாம் நிக்கோலாசா பொறுத்துக்கொண்டாள். ஊர்க்காரர்கள் துண்டோடு வரிசையில் வந்து நின்றதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. காஸ்தோ தன் மூட்டுவலியோடு முன்னால் நின்றான்.

“என்ன மாஸ்டர், உனக்குமா தெரியாது? ஊத்து எங்க இருக்குன்னு தெரிஞ்சு பொறந்தவன்தானே நீ?”

“தெரியும் கசேரிட்டா” என்றான் அவன். அங்கே விற்கிறவளும் வாங்குகிறவனும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். “ஆனா அதுக்குச் செவப்பு போர்டுல்ல போட்டிருக்கான். அங்கீகாரம் இல்லாத தண்ணில முட்டியை வச்சு ஏதாவது ஆயிருச்சுன்னா யாரு பொறுப்பு? பச்சை போர்டு போட்டதுலருந்து உன் சூப்புதான் கேக்குது. நேத்துத் தடவுனேன், பாதி வலி போயிருச்சு.”

கடலை மூட்டை காலியானது. விறகு காலியானது. அவள் கையில் இருந்த காசும் காலியானது. ஒருநாள் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினாள். இது ஊற்று மாதிரியே இல்லை, ஏமாற்று வேலை என்று பயணிகள் புகார் எழுதினார்கள். படியும் வேண்டாம், போர்டும் வேண்டாம், என் கடையை எனக்குக் கடையாகவே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுவிடுவதென்று தீர்மானித்தாள். ஊற்று அங்கேதான், இங்கே இல்லை, நான் சொன்னது தப்பு என்று எழுதிக்கொடுக்கவும் தயாரானாள். பூப்போட்ட சால்வையைப் போர்த்திக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சட்டியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுக் காஸ்தோவின் பேருந்தில் ஏறினாள்.

லா பாஸில் இறங்கியதும் ஊதா மக்காச்சோளக் கஞ்சி விற்கிற ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நிக்கோலாசா ஒரு குவளை வாங்கிக் குடித்துக்கொண்டே இயக்ககம் எங்கே என்று கேட்டாள்.

“இந்தா, இங்கதான் கசேரிட்டா.”

நிக்கோலாசா நடந்தாள். லா பாஸில் எந்தத் தெருவும் தரையோடு போகாது. ஒன்று ஏறும், இல்லை இறங்கும். ஏறினாள். முனையில் நின்ற போலீஸ்காரர் இங்கேதான் என்றார். இறங்கினாள். செருப்புக்குப் பாலீஷ் போடுகிறவர் இங்கேதான் என்றார். மறுபடி ஏறினாள். யார் முகத்திலும் ஒரு துளி கள்ளம் இல்லை. எல்லாரும் அவளுக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார்கள். கெண்டைக்கால் கல்லாக இறுகி, தொப்பிக்குள் வியர்த்து, நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தபோது அதே கஞ்சிக்காரி எதிரே உட்கார்ந்திருந்தாள். நிக்கோலாசா இரண்டு குவளை வாங்கிக் குடித்தாள். இரண்டாவது குவளையைப் பாதி குடிக்கும்போதுதான் அவளுக்கு ஏதோ உறைத்தது. கஞ்சிக்காரியை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்கு வாய் வரவில்லை. தொழில் தெரிந்தவள் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

இயக்ககம் அந்தக் கஞ்சிக்காரிக்கு முதுகுப்பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தது.

உள்ளே ஒரு நீளப் பெஞ்சு. பெஞ்சில் மார்டென் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்து, ஒரு கன்னம் கொக்கா இலையால் உப்பியிருந்தது. நீலத் துண்டை மடித்துக் கீழே போட்டு உட்கார்ந்திருந்தார். புகாருக்குப் பதில் வாங்கிக்கொண்டு போகத்தான் அன்றிலிருந்து இருக்கிறாராம். டாக்டர் எப்போது வருவார் என்று அவள் அவரைக் கேட்டாள்.

“இந்தா, இப்பதான்” என்றார் மார்டென். துண்டை விரித்து அவளுக்கும் இடம் விட்டார்.

உண்மையாகவே கொஞ்ச நேரத்தில் டாக்டர் அர்தாயா வந்தார். கையில் பெட்டி, கோட்டெல்லாம் புழுதி. வேறு மாநிலத்துக்கு விசாரணைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அவர் போயிருந்த சமயத்தில் அவருடைய பிரிவை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். அறையில் யாரோ ஒருவர் சைக்கிளை நிறுத்திவைத்திருந்தார். டாக்டர் மாடிக்குப் போய்த் திரும்பினார். பின்கட்டுக்குப் போய்த் திரும்பினார். காவலாளியைக் கேட்டார், அவன் இங்கேதான் என்றான். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு எதிரே வந்து நின்று, விமானத் தகவல் பிரிவு, நீர்நிலைத் தகவல் பிரிவு எல்லாம் இருக்கிறது, என் பிரிவு எங்கே என்று பொதுவாகக் கேட்டார்.

நிக்கோலாசா மரியாதையாக எழுந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வழக்கம்போல் வாயில் வந்துவிட்டது.

“இந்தா, இங்கதான் டாக்டர்.”

டாக்டர் நிமிர்ந்தார். “சொல்லும்போது நீங்க எங்க நிக்கிறீங்க?”

அவள் தன் காலைப் பார்த்தாள். “இந்தா, இங்கதான்.”

தான் வழங்கிய தீர்ப்புக்குத் தானே கட்டுப்படாத ஆள் அல்ல அவர். பெஞ்சில் அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முத்திரைக் கட்டையை எடுத்து முழங்கால் மேல் வைத்தார். பிரிவு இயங்கத் தொடங்கியது. நிக்கோலாசா தன் கடையைப் பற்றிச் சொன்னாள். மார்டென் புகாரை நினைவூட்டினார். இரண்டையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார் டாக்டர்.

“சம்பந்தப்பட்ட அதிகாரி வந்துதான் இதைப் பாக்கணும்.”

“யாரு டாக்டர் அந்த அதிகாரி?”

“நான்தான்.”

“நீங்க எப்ப வருவீங்க?”

“இந்தா, இப்பதான்.”

மூன்று பேரும் காத்திருந்தார்கள். பேருந்துக்கு நேரமானதும் நிக்கோலாசா எழுந்தாள். பிரிவு அவள் நிற்கும் இடத்தில் இருப்பதால் டாக்டரும் பெட்டியோடு எழுந்தார். புகார் பிரிவில் இருப்பதால் மார்டெனும் துண்டோடு எழுந்தார். காஸ்தோ மூவரையும் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் கில்யாபாத்தாவில் இறக்கிவிட்டான்.

சட்டிக்குப் பின்னால் பிரிவு அமைந்தது. ஓர் இடத்தில் இயற்கையும் இயக்ககமும் சேர்ந்திருக்க விதியில் இடமில்லை. ஆகவே பச்சை போர்டைப் பிடுங்கி ஊற்றை மலைக்கு அந்தப் பக்கமே திருப்பி அனுப்பினார்கள். அலுவலக வாசலில் சாப்பாட்டுக் கடை இருப்பதற்குத் தடை இல்லை. அப்படிக் கடை இல்லாத அலுவலக வாசலை அந்த நாட்டில் யாரும் பார்த்ததும் இல்லை. இப்படியாக நிக்கோலாசாவுக்குக் கடை கடையாகவே திரும்பக் கிடைத்தது. அவள் மறுநாளே கடலை ஊறப்போட்டாள்.

வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது. பயணி ஒருநாள் வந்து குடித்துவிட்டுப் போய்விடுவான். மனு கொண்டுவருகிறவன் நாள்தோறும் வந்தாக வேண்டும். பெஞ்சு போதவில்லை என்று காஸ்தோ பேருந்தின் பழைய இருக்கைகளைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டான். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்கிறவர்களுக்கு அவர் பக்கத்தில் நின்றுகொண்டே நிக்கோலாசா பதில் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவள் குரலில் ஒரு தோரணை வந்துவிட்டது. மார்டென் வரிசையை ஒழுங்குபடுத்தினார்.

ஒரு மத்தியானம் காஸ்தோ பசியோடு வந்து ஒரு கிண்ணம் கேட்டான். அவள் நிமிராமல் உட்காரச் சொன்னாள். அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

“கசேரிட்டா, சட்டி கொதிச்சுக்கிட்டுதானே இருக்கு?”

“கொதிக்குது மாஸ்டர். யாரு இல்லன்னா? சம்பந்தப்பட்டவங்க வந்துதான் ஊத்தணும்.”

“யாரு அது?”

“நான்தான்.”

காஸ்தோ அவள் முகத்தைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்து, பதில் தெரிந்துபோய், மார்டென் காட்டிய இடத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.